ஊதா ஹெல்மெட்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. தயாரான கண்ணாடிகளை பைக்கில் கிளைகளுக்குக் கொண்டுபோகிறவனை எல்லாரும் ராக்கெட் என்றே கூப்பிடுவோம். எங்கள் கூட்டத்தில் ஹெல்மெட்டுக்குச் 'சட்டி' என்று பெயர்; போட்டவன் பயந்தாங்கொள்ளி. என் அண்ணன் வாங்கித் தந்த ஹெல்மெட்டில் அண்ணி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் வெறுந்தலையோடு ராக்கெட்டின் பின்னால் ஏறிக்கொள்வேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அவன் புகுந்து போகும்போது எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிடும். ஆனாலும் கத்தமாட்டேன். "உனக்குத்தான்டி தைரியம்" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகவே தினமும் ஏறினேன். அதைக் காதல் என்றே நம்பினேன்.

பிறகு பில் போட ஒருத்தி வந்தாள். நான் அவளுக்கு வைத்த பெயர் மகாராணி. வந்த சில நாளிலேயே அவளுடைய மேஜைக்கு அடியில் ஊதா நிறத்தில் புத்தம்புது ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது.

"யாரு வாங்கினது?" என்று ராக்கெட்டைக் கேட்டேன்.

"நான்தான். பாவம், அவங்க பயப்படுவாங்கல்ல?"

"அப்போ நான்?"

"நீ நம்ம ஆளுடி!"

அன்று முதல் நான் பஸ்ஸில் போனேன். ஜன்னல் வழியே ஒருநாள் பார்த்தேன்: பின்னால் மகாராணி, அவன் தலையிலும் ஒரு சட்டி! மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்தினான். சிவப்புக்கு அவன் நின்றுகூட நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் மகாராணி தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியே போயிருந்த ராக்கெட்டுக்கு அது தெரியாது. வாசலில் அவன் ஹாரன் அடித்ததும் ஊதா ஹெல்மெட்டை மாட்டி, அதன் முன்கண்ணாடியை முகத்தின் மேல் இறக்கிவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நல்லா பிடிச்சுக்கோங்க. மெதுவாவே போறேன்."

உண்மையிலேயே மெதுவாகப் போனான். பள்ளம் வந்தால் ஒதுங்கினான், லாரிக்கு வழிவிட்டான். முதல்முறையாக அவன் பின்னால் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் இந்தச் சுகத்தை அவள் அனுபவித்திருக்கிறாள் என்று நினைத்ததும் பொறாமையில் கண் கலங்கியது. வாய் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை.

"இப்படியே போயேன்."

அவன் தோள் குலுங்கியது. சிரித்தான்.

"அட, நீயா! முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? சும்மா உருட்டிக்கிட்டு வர்றேன்!"

ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் நிற்கவில்லை.