அம்மாவை இறக்க ஒரு மகன்

அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்று சொந்த ஊரான ஹோம்ஸிலிருந்து மாமா அத்னான் போன் செய்தபோது, பெய்ரூட்டில் ஜுமானா தலைவாரிக்கொண்டிருந்தாள். இடுப்பு வரை முடி. ஊரைவிட்டு ஓடிவந்த நாளிலிருந்து கத்தரி படாத முடி.

"சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம். நீ ஒருத்தன்தான் ஆம்பளப் புள்ள. எங்கக்காவ கபர்ல இறக்க ஊரானையா கூப்பிடச் சொல்ற?" என்றார் மாமா. "மனுஷனா வா. அந்த வேஷத்தோட வந்தா வாசல்லயே கால ஒடிச்சுடுவேன்."

நல்ல மனிதர்தான். இதெல்லாம் அவர் அகராதியில் பாசம்.

அந்த ஊரில் அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. மகள் என்று அவளை ஏற்றுக்கொண்டிருந்தாலும் வீட்டோடு உட்கார்ந்து அழ வேண்டியதுதான். அம்மாவைத் தன் கையால் மண்ணில் வைக்க மகனாகத்தான் போயாக வேண்டும்.

கத்தரியைத் தோழி நாதினிடம் நீட்டினாள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைகளுக்குத் தங்க இடம் தேடித்தரும் சின்னச் சங்கம் ஒன்றை இருவரும்தான் நடத்திவந்தார்கள்.

"யாருக்காகவும் முடிய வெட்டாதீங்கடின்னு கூட்டத்துக்குக் கூட்டம் தொண்ட கிழியக் கத்துவியே. இப்ப என்னடி?"

"எங்கம்மாடி."

"உன்னை ஒரு தடவையாவது ஜுமானான்னு கூப்பிட்டிருக்காளா?"

"இல்ல. வெட்டு."

அந்தப் பெயரைப் போனில் சொன்ன அன்று அம்மா பேசாமல் வைத்துவிட்டாள். அடுத்த முறை எதுவுமே நடக்காததுபோல், "மகனே, சாப்பிட்டியா?" என்றாள். அதன் பிறகும் எப்போதும் மகன்தான்.

நாதின் அழுதுகொண்டே கோணல்மாணலாக வெட்டினாள். ஜுமானா மார்பை இறுக்கிக் கட்டி, இரவல் சட்டை போட்டுக்கொண்டு டாக்சி ஏறினாள்.

கபருக்குள் அவள்தான் இறங்கினாள். கபன் துணிக்குள் அம்மா அவ்வளவு லேசாக இருந்தாள். வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, தலைமாட்டு முடிச்சை அவிழ்த்தாள். அம்மா, நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். யார் வந்திருப்பதாகச் சொல்வது என்று தெரியவில்லை. மேலே மண்வெட்டிகள் அவசரப்பட்டன.

பிறகு ஆண்கள் கூடத்தில் மாமாவின் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாள். துக்க வீட்டுக்கே உரிய, சர்க்கரை போடாத காப்பி வந்தது. உள்ளே பெண்களின் அழுகை கேட்டது. அவள் இருக்க வேண்டிய இடம் அது. அந்தக் கதவைத் தாண்ட அவளுக்கு அனுமதியில்லை.

மாமாவுக்கு அவள்மேல் திடீர்ப் பிரியம். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"ஆம்பளையா நின்னு கடமையச் செஞ்சுட்ட. அக்கா மனசு குளிர்ந்திருக்கும்." காப்பியை உறிஞ்சினார். "பாவம், கடைசியில புத்தி தடுமாறிடுச்சு. உன்னை ஒரு வார்த்த கேக்கல. யாரோ ஜுமானாவாம். ஜுமானா வந்துட்டாளா, அவளுக்குச் சோறு எடுத்து வைங்கன்னு ஒரே பொலம்பல். நம்ம சொந்தத்துல அப்படி யாருடா இருக்கா?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியல மாமா," என்றாள்.

"அழாதடா. ஆம்பள அழலாமா?"

அடுத்து வந்த கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசிக் காரியத்துக்கு நீ வந்து சேந்தியே மகனே," என்றார். "உங்கம்மாவுக்கு அது போதும்."