ஆடியை அடித்த கை

"ஆகஸ்ட் 16. ஆடி என்று சரியாக எழுதியதை அடித்துவிட்டு, மார்கழி என்று எழுதினேன்."

வளர்மதி நாட்குறிப்பில் அதை எழுதிவிட்டு நிறுத்தினாள். அரியலூர் அரசுப் பணித் தேர்வு மாலை வகுப்பிலிருந்து ஒருவருக்குத்தான் சென்னையில் இலவசப் பயிற்சி. அதற்கு ஆளை எடுக்க இன்று வைத்த தேர்வின் கடைசிக் கேள்வி, ராஜேந்திர சோழன் பிறந்த திருவாதிரை எந்த மாதம் என்பது. திருவாதிரை என்றால் களி, களி என்றால் மார்கழி என்று கை மாற்றி எழுதிவிட்டது. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் இடம் கூடப் படிக்கும் பிரசாத்துக்குப் போனது.

"ஆடித் திருவாதிரைக்கு நம்ம மாவட்டத்துக்கே லீவு வுட்டாங்களேக்கா! அதுகூடவா மறந்துட்டீங்க?" என்று வகுப்பு வாசலில் சிரித்தான் அவன்.

"எனக்கு எங்கடா லீவு? அன்னைக்குப் பூரா ஜவுளிக்கடையில ஆடித் தள்ளுபடிச் சேலை பிரிச்சுப் போட்டுக்கிட்டு நின்னேன்."

அவள் கடைசி வரியை எழுதினாள்: "நாளை ஆவணி ஒன்று. காலையில் கடை வாசலில் ஆடித் தள்ளுபடிப் பலகையைக் கழற்ற வேண்டும்."