கடைசி ஆள் பச்சையம்மா

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுக்கும் அணி ஒன்று வைத்திருந்தார்கள். மகளிர் தினத்தை ஒட்டித் திருவொற்றியூர் கடற்கரையில் நடக்கும் போட்டியில் மூன்று வருடமாக அவர்களுக்குத்தான் கோப்பை. அதற்குப் பாதிக் காரணம் பச்சையம்மா. நூற்றுப் பதினெட்டு கிலோ. கடைசி ஆளாக நின்று, கயிற்றின் நுனியை உடம்பில் மாட்டிக்கொண்டு, குதிகாலை மணலில் புதைத்துச் சாய்ந்துவிட்டால் அவளை அசைக்க ஆளில்லை.

அந்த உடம்புதான் மற்ற நாளெல்லாம் அவளைப் படுத்தியது. சர்க்கரை, முட்டி வலி, படுத்தால் மூச்சுத் திணறல். நாற்பத்தாறு வயதில், மூன்றாம் கோப்பை வாங்கிய அடுத்த மாதம், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். தை பிறப்பதற்குள் எழுபத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டாள். சர்க்கரை மாத்திரை நின்றது. மாடிப்படி ஏறினாள். பழைய ஜாக்கெட்டையெல்லாம் பிரித்துத் தைத்தாள்.

போட்டிக்குப் பயிற்சி தொடங்கியபோதுதான் சங்கடம் வந்தது. கடைசி ஆளாக நிற்க இனி அவளுக்கு எடை போதாது. பக்கத்துக் கூடைக்காரி சிவந்தி, இருபது வருடத் தோழி, அந்த இடத்துக்கு வந்தாள். பச்சையம்மாவை மூன்றாவதாக நிறுத்தினார்கள். சிவந்தியின் இடுப்பில் கயிற்றைப் பார்த்தபோது தன் புடவையை வேறொருத்தி கட்டியிருப்பது போல இருந்தது. மூன்றாவது இடத்தில் போய் நின்றாள்.

விடியற்காலை மீன் ஏலத்துக்கு வந்ததிலிருந்து அன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை. தெம்பு வேண்டுமே என்று பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு பெரிய டம்ளர் கரும்புச் சாற்றை மடமடவென்று குடித்தாள். இரண்டாவது இழுப்பில் நெஞ்சு படபடத்தது. வேர்த்துக் கொட்டியது. கண் இருட்டி மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிவந்தி கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ இழுக்க வேணாம்டி. ஓரமா குந்திகினு கை தட்டு. எனுக்கு நீ ஓணும், கோப்பை ஓணாம்."



மறுநாள் சிவந்தியே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உணவு ஆலோசகர் உமைமா வண்ணாரப்பேட்டைப் பெண், முப்பது வயதிருக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சின்னதாகிவிட்ட இரைப்பையில் இனிப்பான சாறு நிற்காமல் குடலுக்குள் பாய்ந்துவிடும், உடம்பு பதறிப்போய் இன்சுலினைக் கொட்டும், இருக்கிற சர்க்கரையும் சரசரவென்று இறங்கிவிடும் என்று விளக்கினாள். பட்டினியோடு இழுக்கவே கூடாது. இழுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு முட்டை, பாதி இட்லி. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். பிறகு நாள் முழுக்க வாய் வாயாகக் குடிக்க வேண்டும். நடுவில் உப்புப் போட்ட நீர்மோர். முடித்ததும் மறுபடி முட்டையோ மீனோ. சத்து மாத்திரை தவறக்கூடாது. கேள்வியெல்லாம் சிவந்திதான் கேட்டாள்.

"தலை சுத்துனா உடனே கயித்த விட்டுடணும்கா. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்று உமைமா கடைசியாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து சிவந்தி போனில் அலாரம் வைத்தாள். வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போதே முட்டைத் துண்டைப் பச்சையம்மாவின் வாயில் திணிப்பாள். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் பச்சையம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பத்து வாட்டி ஊட்டுறியே, நா இன்னா கொயந்தையா?"

"கொயந்தன்னா அயுவும். நீ அயமாட்டேன்ற, அதான் பேஜாரா கீது."

பச்சையம்மா கொஞ்ச நேரம் மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்த ஒடம்ப ஊரே கிண்டல் பண்ணுச்சு. கயிறு புடிக்கசொல்ல மட்டுந்தான் கொண்டாடுனாங்க. இப்ப கொண்டாட இன்னா கீது?"

சிவந்திக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தனக்கு இருந்த கஷ்டத்தைத்தான் சொன்னாள். பின்னால் நின்றுகொண்டு எப்போது சாய்வது, எப்போது தாங்குவது என்று தனக்குப் பிடிபடவில்லை. பச்சையம்மா மாதிரி குரல் கொடுத்து எட்டுப் பேரையும் ஒன்றாக இழுக்க வைக்க வரவில்லை. "நீ மூணாவதா நின்னுகினே சத்தம் குடு. உன் கொரல் இல்லாங்காட்டி ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கறாளுங்க."

அடுத்த பயிற்சியில் அவள் குரல் கொடுத்தாள். எட்டு முதுகும் ஒரே நேரத்தில் சாய்ந்தன. முதல் வாரம் மூன்று இழுப்பு, பிறகு ஐந்து, மாசி பாதியில் எட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு வாய் மோர். ஒருமுறைகூடக் கண் இருட்டவில்லை.

போட்டியன்று இறுதிச் சுற்றில் எண்ணூர் பெண்கள். முதல் இழுப்பு இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது இரண்டு நிமிடத்துக்கு மேல் நீண்டது. பச்சையம்மாவின் தோள் எரிந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது, குரல் உடையவில்லை. கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி கோட்டின்மேல் அப்படியே நின்றது. பின்னால் சிவந்தியின் குதிகால் வழுக்கியது. அவ்வளவுதான், எட்டுப் பேரும் மணலில் குப்புற விழுந்தார்கள்.

கோப்பை எண்ணூருக்குப் போனது. சிவந்தி எழுந்திருக்கவே இல்லை. முகத்தை மூடிக்கொண்டு, தன்னால்தான் போச்சு என்று தேம்பினாள். பச்சையம்மா தன் காலில் நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கயிறு உரசிச் சிவந்திருந்த இடுப்பைத் தடவிக் கொடுத்தாள்.

"ரெண்டு சுத்து சுத்தி வுட்டுக்கற. அதான் அறுக்குது. எந்திரி, காட்றேன்."

பரிசளிப்பு மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதைக் கேட்கவில்லை. பச்சையம்மா கயிற்றைச் சிவந்தியின் அக்குளுக்குக் கீழே கொண்டுபோய், முதுகில் குறுக்காக ஏற்றி, தோள்மேல் போட்டு இறக்கினாள். பிறகு மீதிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்று, சாயச் சொன்னாள்.