பீரோவுக்குள் போன பெல்ட்

காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும் வீடு அது. ஆனால் மாரியாயி அதைச் சாத்தியே வைத்திருந்தது பனிக்குப் பயந்து அல்ல. உள்ளே மகள் சத்தியபிரியா பாயில் காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அது அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே!

"போதும்டி. அதான் நடக்குறேல்ல? இன்னும் என்ன கால ஆட்டிக்கிட்டுக் கெடக்க?"

"நடந்துட்டா சரியாயிருச்சுன்னு அர்த்தமாம்மா? புது ஜவ்வு வலுவாக மாசக்கணக்காகும்."

சத்தியபிரியா கொடைக்கானலில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். மழை ஈரம் காயாத மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கோ-கோ சொல்லிக்கொடுத்தபோது கால் திருகி, முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்துபோனது. அதன்பின் படி இறங்கினாலே முட்டி நழுவியது. மதுரையில் ஆபரேஷன் செய்து புது ஜவ்வு வைத்தார்கள். பிசியோதெரபி பார்க்கும் ஷைலா படித்துப் படித்துச் சொன்னாள்: "மண்டி போடாதீங்க, குத்தவைக்காதீங்க, முட்டி பெல்ட் இல்லாம நடக்காதீங்க. பயிற்சிய விடாம செஞ்சா அடுத்த வருஷம் நீங்க ஓடலாம்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் வலியெல்லாம் பொறுத்தாள். ஓடாத ஒரு வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சிவமுருகன், காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. சத்தியபிரியாவின் அப்பா காசிநாதனுக்குக் கை கால் ஓடவில்லை. அவர் டாக்ஸி ஓட்டுபவர். டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரேதான் பிசியோதெரபி ஆஸ்பத்திரி. மகள் அங்கே போய்வந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று, அவள் போவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் செய்துவந்த பயிற்சியும் நின்றது. பெல்ட் பீரோவுக்குள் போனது. சொந்தக்காரர்களிடமும் ஸ்டாண்டிலும் மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்தார்கள். ஈரல் கெட்டால் மானம் போகாது, முழங்கால் கெட்டால் போய்விடும் போலிருக்கிறது!

"சொல்லிருவோம்ப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"நொண்டின்னு பேரு வச்சிருவாங்கம்மா. பேசி முடிக்கட்டும், அப்புறமா பக்குவமாச் சொல்லிக்கிடலாம். கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சிக்கிட்டு நில்லு."

பெண் பார்க்க வந்தவர்கள் நல்ல கலகலப்பான மனிதர்கள். மாப்பிள்ளையின் அப்பா பழனிமுத்து உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். "பைக்ல விழுந்து, இவனுக்குத் தொடையில கம்பி வச்சிருக்குங்க. மழைக்காலத்துல விண்ணு விண்ணுன்னு வலிக்கும்பான். ஆனாலும் வெள்ளனே எந்திரிச்சு மொத ஆளா மார்க்கெட்ல நிப்பான்!"

எல்லோரும் சிரித்தார்கள். காசிநாதன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தாங்க இருக்கணும்."

சத்தியபிரியா காப்பித் தட்டோடு நின்றாள். அவர்கள் வீட்டுக் கம்பி கூடத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தது. அவளுடைய பெல்ட் பீரோவுக்குள் கிடந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"எனக்கும்..."

"மாமா, அத்தை கால்ல விழுந்து கும்பிட்டுக்க தாயி," என்றாள் மாரியாயி அவசரமாக.

சத்தியபிரியா அப்பாவைப் பார்த்தாள். அவர் நிலைப்படிக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக மண்டியிட்டாள். குனிந்து கும்பிட்டாள். எழுந்து திரும்பும்போது உடம்பின் பாரமெல்லாம் அந்தக் காலில் இறங்கியது. உள்ளே ஏதோ படீரென்று விட்டுப்போனது.

"அப்பா!" என்று அலறி விழுந்தாள்.

முதலில் ஓடிவந்து தாங்கியவள் மாப்பிள்ளையின் அம்மா சண்முகவள்ளி. சேலையை விலக்கிப் பார்த்தவள் கண்ணில் ஆபரேஷன் தழும்பு பட்டது.

"எம் மகனுக்குக் கம்பி வச்சத நாங்க சொன்னோம்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மண்டி போட வேணாந்தாயின்னு நானே தடுத்திருப்பேனேங்க," என்றாள் அவள். மாரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வைத்த ஜவ்வு மறுபடி அறுந்துவிட்டது என்றார் டாக்டர். பயிற்சி நின்றதில் தொடைத் தசையும் வலுவிழந்திருந்தது. திரும்ப ஆபரேஷன் செய்யலாம், நடக்கலாம், ஆனால் ஓட்டத்தை நம்பி இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். சம்பந்தம் அதோடு நின்றது. "காலுக்காக இல்லங்க. மறைச்சிட்டீங்களே, அதான்," என்று பழனிமுத்து போனில் சொன்னார். பள்ளியில் அவள் இடத்துக்கு வேறு டீச்சர் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் காசிநாதன் பீரோவிலிருந்து பெல்ட்டை எடுத்து, தரையில் உட்கார்ந்து மகள் காலில் கட்டினார். அவள் தடுக்கவில்லை. "இதக் கெட்டிக்கிட்டு இனி எங்கப்பா ஓடப் போறேன்?" என்று மட்டும் கேட்டாள். அவர் அவளை முதுகில் சுமந்து ரோட்டுக்குப் படியேறி, டாக்ஸியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஸ்டாண்டிலிருந்து டிரைவர் சண்முகராஜ் ஓடிவந்தான். "என்னண்ணே, பாப்பாவுக்கு இன்னும் மஞ்சக்காமாலை எறங்கலையா?"

காசிநாதன் கதவைப் பிடித்தபடி நின்றார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மற்ற டிரைவர்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"காமாலை இல்லப்பா. முட்டி ஜவ்வு அறுந்துருச்சு. ஆபரேஷன் பண்ணி நல்லாகிட்டு வந்த பிள்ளைய, ஊரு என்ன சொல்லுமோன்னு வைத்தியத்த நிறுத்தி, மண்டி போட வச்சு, நான்தான் முடமாக்கிட்டேன். உங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்கு அடிபட்டா ஒளிக்காதீங்கப்பா. வெளிய சொல்லுங்க, வைத்தியத்தக் கடைசி வரைக்கும் பாருங்க. ஊரு பேசுறது நாலு நாள்ல ஓஞ்சிரும். எம் பிள்ளைக்குப் போன கால நான் எங்க போயி வாங்குவேன்?"