வைட்டமின் டப்பா

மருந்துக்கடையில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் எழுதிய சீட்டோடு வயதானவர்கள் வந்தால், ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா, இதயத் தொந்தரவு உண்டா என்று கேட்காமல் கொடுக்கமாட்டாள். மனதைத் தூக்கி நிறுத்தும் ரசாயனங்களை மூளையில் கொஞ்சம் அதிக நேரம் தங்கவைக்கிற மருந்து அது. கூடவே தூக்கத்தைக் கொடுக்கும், வாயை வறட்டும், சிறுநீரை அடைக்கும், அளவு மீறினால் இதயத் துடிப்பையே கலைத்துவிடும்.

எட்டு மாதமாக அவளும் அதைத்தான் சாப்பிட்டு வந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அட்டையிலிருந்து பிதுக்கி, காலி வைட்டமின் டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தாள்.

அன்று காலை மாமனார் ஒன்றுக்குப் போக முடியாமல் அடிவயிறு உப்பி, மகனையே யாரென்று கேட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். போன வாரம்தான் நிரப்பியிருந்தாள், பாதி காலி. சத்து மாத்திரை என்று நினைத்து மனுஷர் தினமும் எடுத்துப் போட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் கணவன்.

“பிரஷர் மாத்திரை மட்டும்தான்” என்றாள்.

பக்கவாதமாக இருக்குமோ என்று தலையை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “நீ கூட இருக்கறதுதான் எனக்குத் தைரியம். உனக்கு மருந்தெல்லாம் தெரியும்.”

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னாள். மருந்தின் பெயர், அளவு, குறைந்திருந்த மாத்திரைகளின் எண்ணிக்கை, யாருடையது, எத்தனை மாதமாக என்பதும். கணவன் பின்னாலேயே வந்து நின்றிருந்தான்.

“அரை மணி நேரம் போயிடுச்சேம்மா” என்றார் டாக்டர், திட்டாமல். திட்டியிருந்தால் தேவலை. உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள், குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினார்கள். இதயத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

“எட்டு மாசமாவா?” கணவன் அது ஒன்றுதான் கேட்டான். தலையாட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் மாமனாருக்குத் தெளிவு வந்தது. அவள் கட்டில் ஓரமாக நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குழாய் தெரியாதபடி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

“அது போட்டா உனக்குத் தூக்கம் வருதாம்மா?”

“வருது மாமா.”

“எனக்கும் நல்லாத்தான் வந்துச்சு” என்றார்.

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலை அவர் கையால் அவள் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்தாள்.