ஓரத்தில் எழுதப்பட்ட இராஜம்மா

மலேசியாவின் கிள்ளான் பாசாரில் காய்கறி விற்கும் இராஜம்மாவின் எடை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பூஜ்யமானது. காரணம் முகுந்தன். கிளினிக்கில் சர்க்கரை நோய் ஆய்வுக்காக நாளுக்கு நாற்பது பேரைப் படிவத்தில் ஏற்றுவது அவன் வேலை. இனம் என்ற இடத்தில் மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என நாலு கட்டம். ஆளைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும் என்பது விதி. கேட்டால் கதை வரும், கதை வந்தால் சாப்பாட்டு நேரம் போகும் என்பது முகுந்தனின் அனுபவம். அதனால் முகத்தைப் பார்த்துச் சீனர் என்று குறித்தான். பிறகுதான் பெயரைப் பார்த்தான். அடித்துவிட்டு இந்தியர் என்றான். முகத்தை மறுபடி பார்த்து, அதையும் அடித்து மற்றவர் என்றான். இராஜம்மா எடை மெஷினில் ஏறினார். முள் அசையவில்லை.

"நல்லதாப் போச்சு தம்பி, முட்டி வலி கொறையும்," என்றார் அவர்.

குறையவில்லை. விரலில் குத்தினால் ரத்தம் வந்தது, சர்க்கரைக் கருவியில் எண் வரவில்லை. அவருடைய சொந்தக் கடைத் தராசுகூட வெங்காயத்துக்கு எடை காட்டியது, அவர் கையை வைத்து அழுத்தினால் சும்மா இருந்தது. எண் இல்லாமல் இன்சுலின் எழுத மாட்டோம் என்றது கிளினிக். வீட்டில் இரண்டு வார மருந்துதான் மிச்சம்.

எந்தக் கட்டம் சரி என்று கேட்க, முகுந்தன் ஷா ஆலத்தில் இருந்த ஆய்வு ஆபீசுக்கு நாலு தடவை மோட்டாரில் போனான். மழை ஒரு தடவையும் தவறவில்லை. ஒரு பேராசிரியர் ரத்தம்தான் முக்கியம் என்றார், இன்னொருவர் அடுப்படிதான் முக்கியம் என்றார். பிறப்புப் பத்திரத்தைப் பார்க்கலாம் என்றார் மூன்றாமவர். அது எப்போதோ வெள்ளத்தில் போயிருந்தது. "கட்டம் நாலுதான் அண்ணே, கம்ப்யூட்டர் அஞ்சாவது வாங்காது லா," என்றாள் மேற்பார்வையாளர் ஷாமினி. யாரும் பொய் சொல்லவில்லை. பதிலும் சொல்லவில்லை.

கடைசி ஊசிக்கு முந்தின நாள், எடை மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு பாசாருக்கே போனான்.

"மன்னிச்சிருங்க அக்கா. அன்னைக்கே கேட்டிருக்கணும். நீங்க யாரு?"

இராஜம்மா முருங்கைக்காய் கட்டுவதை நிறுத்தவில்லை. "இப்பவாச்சும் கேட்டியே. பெத்தவங்க சீனவங்க. பதினோரு நாள் பிள்ளையா எங்கம்மா தூக்கிட்டு வந்து தமிழச்சியா வளத்தாங்க. பெத்தவங்க வீட்டுல என்ன நோய்னு தெரியாது. அம்பத்தாறு வருசமா தின்னது சோறும் சாம்பாரும். ரெண்டையும் எழுது. கட்டத்துல எடம் இல்லன்னா ஓரத்துல எழுது. அது சும்மாதானே கெடக்கு?"

படிவத்தின் ஓரத்தில் எழுதினான். அவர் ஏறினார். முள் எழுபத்தொன்றில் போய் நின்றது. பக்கத்துக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூணு கிலோ கூடக் காட்டுது உன் மெஷின்," என்றார் இராஜம்மா, இறங்க மனமில்லாமல்.