தையல் கம்பெனியைப் பிரித்த எறும்புகள்

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை: கம்ப்யூட்டருக்குள் பிறந்த எறும்புகள் ஒரு மதியம் வெளியே வந்து, ஒரு தையல் கம்பெனியைச் சரிபாதியாகப் பிரித்து வைத்துவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டன.

கம்பெனியில் ஆள் பெருகியதால் எதிர்ப்புறம் இன்னொரு கட்டடம் எடுத்திருந்தார்கள். கட்டடத்துக்கு அறுபது மேசைதான். கூட ஒன்று போட்டால் ஒயர் தாங்காது. முதலாளி தானே உட்கார்ந்து பிரித்தார். சட்டை இந்தப் பக்கம், அதன் கை அந்தப் பக்கம் என்றாகி, துணிக்கட்டோடு தெருவைக் கடப்பதே பாதிப் பேருக்கு வேலையாகிப்போனது. போதாததற்கு, காலர் தைக்கும் அக்காவை இங்கேயும் பட்டன் வைக்கும் தங்கையை அங்கேயும் போட்டுவிட்டார். தங்கைக்குக் காது கேட்காது. அக்கா நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

“ஐயா, அவ என் வாயைப் பார்த்துத்தான் எல்லாம் புரிஞ்சுக்கறா. பிரிச்சுட்டா அவளுக்கு ஊரே ஊமை.”

“இங்க என் மேசையோட சேர்த்து அறுபது ஆயிடுச்சும்மா. அவ வரணும்னா ஒருத்தர் போகணும். யாரை அனுப்பட்டும், நீயே சொல்லு.”

யாரைச் சொல்வாள்? தன் மேசைக்கே திரும்பி வந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்தான் எறும்புகளை வளர்த்தவள். கம்ப்யூட்டர் திரையில் மேசைகளைப் புள்ளிகளாகவும் கைமாறும் துணியைப் பாதைகளாகவும் போட்டு, ஆயிரக்கணக்கில் எறும்புகளை அதில் ஓடவிட்டாள். நடக்கும் வழியெல்லாம் எறும்பு வாசனை வைக்கும். பல எறும்புகள் போன வழி மேலும் மணக்கும். போகாத வழியில் வாசனை ஆறிப்போகும். ஆறிய இடத்தில் வெட்டிக் கம்பெனியைப் பிரித்தால் யாருக்கும் வலிக்காது. எந்த எறும்புக்கும் முழுக் கணக்குத் தெரியாது, கூட்டத்துக்குத் தெரியும். இப்படி ஓடவிட்டு, அவளும் மற்றவர்களோடு சாப்பிடப் போனாள்.

எறும்புகள் கீபோர்டுச் சந்துகள் வழியாக இறங்கிக் கூடம் முழுக்க முகர்ந்தன. துணி அதிகம் கைமாறும் மேசைகளை ஒரே பக்கம் சேர்த்தன. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு நூல்கூடக் கைமாறுவதில்லை, அந்தப் பெண்ணும் அப்படியொரு பாதை போடவில்லை. ஆனாலும் வாசனை அங்கேதான் தூக்கலாக இருந்தது. தங்கையின் மேசையை மெஷினோடு தூக்கிவந்து அக்காவின் எதிரே இறக்கின. இனி ஒருவர் போகவேண்டும். எந்த வழியிலும் வாசனை வந்து சேராத மேசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: முதலாளியுடையது. அதையும், நாற்காலியையும், நாற்காலியில் இருந்தவரையும் அலுங்காமல் எடுத்துப்போய் எதிர்க் கட்டடத்து ஜன்னலோரம் வைத்தன.

சாப்பிட்டுத் திரும்பிய தையல்காரர்கள் ஏனோ வியர்த்துப்போயிருந்தார்கள். அவரவர் மேசையைத் தேடி உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்கள். தங்கை தலைநிமிர்ந்தபோதெல்லாம் அக்காவின் முகம் எதிரே இருந்தது. தெருவில் துணிக்கட்டைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. முதலாளியும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே காற்று நன்றாக வருகிறதாம். எறும்புகள் பட்ட பாட்டை இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்.

இதற்கெல்லாம் ஒரே சாட்சி அவர்தான். தெருவைத் தாண்டும்போது அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார்.